இரும்பைக் குறைக்கும் மாத்திரையால் எதிர்ப்புச் சக்தி போய்விடுமா?

தேவகோட்டை அம்மா:
என் மகனுக்கு 9 வயது, தலசீமியா என்ற பிறவி ரத்தக் குறைபாடு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய் ரத்தம் ஏற்றி வருகிறோம். இரும்பைக் குறைக்க இதுவரை தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் டெஃபராசிராக்ஸ் மட்டும்தான். உடம்பில் தேங்கிய இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு 3,000-க்குக் கீழே வரவில்லை என்று இப்போது டெஃபெரிப்ரோன் என்ற இன்னொரு இரும்பு மாத்திரையையும் (இரும்பை வெளியேற்றுவது) மூன்று வேளைக்குச் சேர்த்திருக்கிறார்கள். "வாராவாரம் வெள்ளணு பார்க்கவும்" என்று சீட்டில் இருக்கிறது. ஏன் என்று கேட்பதற்குள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்கள். "எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை பிள்ளைக்கு எதுக்கு, நிறுத்து" என்கிறார் அப்பத்தா. என்ன செய்வது?

பள்ளத்தூர்க்காரன்:
என் மகளும் அதுதான் சாப்பிடுகிறாள். சிறுநீர் செம்மண் நிறமாகப் போகும், பயப்படாதீர்கள். இரும்பு வெளியேறுகிற நிறம் அது. ரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

காரைக்குடி லேப் அக்கா:
தங்கச்சி, நான் லேபில் வேலை பார்க்கிறேன். என் தம்பிக்கும் தலசீமியா.

அப்பத்தா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் நிறுத்தச் சொல்வது சரியில்லை. ஏற்றுகிற ஒவ்வொரு யூனிட் ரத்தத்திலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. அதைத் தானாக வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. தேங்கிய இரும்பு இதயத்தையும் ஈரலையும் கெடுப்பதோடு, கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களையும் மந்தமாக்கிவிடும். பல கிருமிகளுக்கு இரும்புதான் தீனி. அதனால் மாத்திரையை நிறுத்தினாலும் எதிர்ப்புச் சக்திக்குக் கேடுதான்.

டெஃபெரிப்ரோனில் இருக்கும் ஆபத்து வேறு. நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 500-க்கும் கீழே விழுந்துவிடும். அப்போது சாதாரணத் தொண்டைப்புண்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். பெரும்பாலும் முதல் வருடத்தில்தான் இப்படி ஆகும். உடனே கண்டுபிடித்து மாத்திரையை நிறுத்தினால் அநேகமாக எண்ணிக்கை தானே ஏறிவிடும். வாராவாரம் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளணுவை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மொத்தம் 4,200, நியூட்ரோஃபில் 30 சதவீதம் என்றால் நியூட்ரோஃபில் எண்ணிக்கை 1,260. 1,500-க்குக் கீழே போனாலே அன்றைக்கே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். லேபில் பலர் இந்தப் பெருக்கலைப் போட்டுத் தருவதில்லை, கேட்டு வாங்குங்கள்.

காய்ச்சலோ தொண்டைவலியோ வாய்ப்புண்ணோ வந்தால் டெஃபெரிப்ரோனை அப்போதே நிறுத்திவிட்டு, அன்றைக்கே ரத்தம் பாருங்கள். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வாந்தி, பேதியும் சேர்ந்தால் டெஃபராசிராக்ஸையும் நிறுத்தி டாக்டரைக் கேளுங்கள், சிறுநீரகம் தாங்காது.

பள்ளத்தூர்க்காரன்:
இரும்பை எடுக்க ராத்திரி பம்பில் ஏற்றும் டெஸ்ஃபெரால் மருந்துக்கு இந்தத் தொல்லை இல்லையே, அக்கா?

காரைக்குடி லேப் அக்கா:
அதில் வேறொரு தொல்லை. எர்சினியா என்ற குடல் கிருமிக்குத் தானாக இரும்பைப் பிடிக்கும் சாமர்த்தியம் குறைவு. டெஸ்ஃபெரால் பிடித்து வைத்த இரும்பை அது எடுத்துக்கொண்டு பெருகும். காய்ச்சலோடு வயிற்றுவலி, பேதி என்றால் பம்பைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

தேவகோட்டை அம்மா:
நன்றி அக்கா. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தால்? இங்கே லேப் எல்லாம் பூட்டியிருக்கும்.

காரைக்குடி லேப் அக்கா:
அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். கடைசி ரிப்போர்ட்டையும் மருந்துச் சீட்டையும் போனில் படம் எடுத்து வைத்திருங்கள். "டெஃபெரிப்ரோன் சாப்பிடுகிற பிள்ளை" என்று முதலில் சொல்லுங்கள். மண்ணீரல் எடுத்த பிள்ளை என்றால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.