புதுப்பிப்பு: பண்டாரவளை வீட்டின் கிணறும் கதவு நிலைகளும்

கிணற்றைச் சரிவில் வீட்டுக்கு மேற்புறம் வெட்டுவதா, கீழ்ப்புறமா என்று தை மாதத்தில் இங்கே கேட்டிருந்தேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கிடைத்த பிறகு மேற்புறமே வெட்டினோம். மலசலகூடக் குழி சரிவில் கீழேயும், கிணற்றிலிருந்து 50 அடிக்கு அப்பாலும் அமைய வேண்டும் என்று நீங்கள் வற்புறுத்தியதே அதற்குக் காரணம். 22 அடியில், கையில் எடுத்தால் மாவாக உதிரும் உக்கிய பாறைக்கு நடுவே ஊற்றுக்கண் திறந்தபோது, கிணறு வெட்டிய அண்ணன் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கும்பிட்டார்; எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மரவேலையில்தான் தவறிவிட்டேன். ஈரம் காயாத யூகலிப்டஸில் செய்த இரண்டு நிலைகள், மூன்றாம் வாரமே விரல் நுழையும் அளவுக்குப் பிளந்துவிட்டன. மீதி மரத்தின் முனைகளில் பெயின்ட் பூசி, இடையிடையே சட்டம் வைத்து, நிழலில் அடுக்கியிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏற வேண்டும், நிலைகள் காத்திருக்கட்டும்.