புதுப்பிப்பு: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அமர்வுக் குறிப்புகள், எது பலித்தது

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. நாங்கள் ஐந்து பேர் அதன் ஐந்தாம் பதிப்பு விதிகளில் ஒரு நீண்ட கதை ஆடுகிறோம். கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் நான். ஒவ்வோர் அமர்வுக்கும் நான்கு பக்கம் எழுதியும் அடுத்த முறை தேவையானது கைக்கு அகப்படவில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எட்டு அமர்வுகள் ஆடிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

சிக்கலைத் தீர்த்தது, "ஆட்டம் முடிந்த கையோடு, பகடைகளை எடுத்து வைப்பதற்கு முன் பத்து நிமிடம் எழுதுங்கள்" என்ற யோசனை. நடந்ததையெல்லாம் எழுதுவதில்லை. யாரைச் சந்தித்தார்கள், அவருக்கு என்ன வேண்டும், எந்த வாக்குறுதி பாக்கி, இவ்வளவுதான். ஓர் அட்டையில் இப்படி இருக்கிறது: "படகுக்காரி. இடக்கையில் இரண்டு விரல் இல்லை. தம்பியைத் தேடுகிறாள். மந்திரவாதி 15 பொற்காசு தர வேண்டும்." மூன்று அமர்வு கழித்து அவள் திரும்பி வந்தபோது இதுவே போதுமானதாக இருந்தது.

ஒலிப்பதிவு ஒத்துவரவில்லை; நான்கு மணி நேரத்தைத் திரும்பக் கேட்க யாருக்கும் பொழுதில்லை.

கதைக்குள் ஓடும் தேதியையும் குறிக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. எங்கள் கதை நடக்கும் கற்பனைக் கண்டமான ஃபேரூனின் நாள்காட்டியில் மாதத்துக்கு 30 நாள், பத்து நாளுக்கு ஒரு வாரம். ஏழு நாள் கணக்கில் நான் வைத்த கெடுக்கள் எல்லாம் பிசகியிருந்தன.

எதிர்பாராதது ஒன்று. இதுவரை நடந்த கதையை ஆட்டக்காரர்களையே சொல்லச் சொன்னேன். நான் முக்கியம் என்று நினைத்த சதிகாரப் பிரபுவை ஒருவரும் குறிப்பிடவில்லை. எல்லாரும் படகுக்காரியின் தம்பியைப் பற்றியே கேட்டார்கள். அடுத்த அமர்வை அவனுக்காகவே எழுதிக்கொண்டிருக்கிறேன்.