டிக்கியில் ஒட்டியிருக்கும் எழுத்துகளைப் பெயிண்ட் கெடாமல் அகற்றுவது எப்படி?

கேள்வி

ஒன்பது ஆண்டுகளாக நான் ஓட்டிவரும் கருநீலக் காரின் டிக்கிக் கதவில், நடுவில் நிறுவனத்தின் வட்டச் சின்னமும், இடப்பக்கம் மாடலின் பெயர் தனித்தனி எழுத்துகளாகவும், வலப்பக்கம் விற்பனையகத்தார் தங்கள் பெயரைப் பொறித்து ஒட்டிய சிறு பட்டையும் இருக்கின்றன. எவ்வளவு கவனமாகக் கழுவினாலும், வண்டி காய்ந்த பிறகு எழுத்துகளின் ஓரங்களில் மட்டும் வெள்ளைக் கோடு ஒன்று தங்கிவிடுகிறது. உட்குழிவுகளில் விரல் நுழையாததால் குண்டூசியால் சுரண்டிப் பார்த்தேன். அழுக்கு வந்தது, அதோடு ஒரு கீறலும் விழுந்தது. சின்னத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். தின்னரை நனைத்துத் துடைத்தால் பசை போய்விடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அதை நம்பிச் செய்யலாமா?

பதில் 1

தின்னரைத் தொட வேண்டாம். ஆலையில் அடிக்கப்படும் பெயிண்டின் எல்லா அடுக்குகளும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். அதில் பளபளப்பைத் தரும் மேல் அடுக்கான கிளியர் கோட், நாம் எழுதும் தாளின் தடிமனில் ஏறக்குறையப் பாதி. தின்னரும் அசிட்டோனும் பசையைக் கரைப்பதோடு நில்லாமல் அந்த அடுக்கையும் இளக்கிவிடும்.

முதலில் அந்த வெள்ளைக் கோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது போய்விட்டால் எழுத்துகளை எடுக்கும் எண்ணமே உங்களுக்கு மாறக்கூடும். அது பெரும்பாலும் தூசியன்று. முன்பு எப்போதோ போட்ட வாக்ஸோ பாலிஷோ ஓரத்தில் ஒதுங்கி உலர்ந்த படிவு. கார் ஷாம்பு கலந்த வெதுவெதுப்பான நீரை ஊற்றிச் சில நிமிடம் ஊறவிட்டு, மென்மையான முடி கொண்ட ஓவியத் தூரிகையால் எழுத்தின் ஓரத்தை ஒட்டியே வருடுங்கள். தூரிகையின் உலோகப் பூண் பெயிண்டில் உரசாதிருக்க, அதன்மேல் டேப்பைச் சுற்றிக்கொள்வது நல்லது. பிடிவாதமாக இருக்கும் இடங்களுக்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சரிபாதி நீரில் கலந்து பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைக்கலாம். அழுத்த நீர்க்குழாயை மட்டும் ஓரத்துக்கு மிக அருகில் பிடிக்காதீர்கள். எழுத்தைப் பெயிண்டோடு ஒட்டிவைத்திருக்கும் நுரை டேப்புக்குள் நீர் புகுந்து எழுத்தின் விளிம்பைத் தூக்கிவிடும்.

அகற்றியே தீர வேண்டுமென்றால், அந்த இடத்தை நன்றாகக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள், ஏனெனில் எஞ்சியிருக்கும் ஒரு மணல் துகளை, எழுத்தை அறுத்தெடுக்கும் தூண்டில் நரம்பு இழுத்துச் சென்றாலே நீளமான கோடு விழுந்துவிடும். பிறகு சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஹேர் டிரையரை ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே, கை வைத்தால் நன்றாகச் சுடும் அளவுக்குச் சூடேற்றுங்கள். ஹீட் கன் தேவையில்லை. அதன் வெப்பம் பெயிண்டையே கொப்பளிக்க வைத்துவிடும். தூண்டில் நரம்பை இரண்டு இழையாக முறுக்கி, கையுறை அணிந்த விரல்களில் சுற்றிக்கொண்டு, எழுத்தின் பின்னால் செலுத்தி ரம்பம் அறுப்பதுபோல மெல்ல இழுத்தால், உள்ளேயிருக்கும் நுரை டேப் இரண்டாகப் பிளந்துகொடுக்கும். இழுவை கடினமானால் அது பலத்தைக் கூட்ட வேண்டிய நேரமன்று, மறுபடி சூடு காட்ட வேண்டிய நேரம். ஸ்குரூ டிரைவரையோ கத்தியையோ நெம்புகோலாக்கி விடாதீர்கள்.

நுரை பெயிண்டின்மேல் தங்கிவிடும். அதை இன்னும் சூடாக இருக்கும்போதே கட்டைவிரலால் ஒரே திசையில் உருட்டித் தள்ளினால், அழிப்பான் துருவலைப்போலச் சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டு வரும். விரல் வலிக்கும், ஆனாலும் எந்தக் கருவியையும்விட இதுவே பெயிண்டுக்குப் பாதுகாப்பானது. எஞ்சும் பிசுக்கின்மேல், பெயிண்டுக்கு ஏற்றதென்று குறிப்பிட்டு விற்கும் பசை நீக்கியை நனைத்த துணியை இரண்டு மூன்று நிமிடம் வைத்திருந்து துடைத்தெடுத்து, கடைசியில் ஷாம்பு நீரால் கழுவிவிடுங்கள். பசை நீக்கிகளில் பல எளிதில் தீப்பற்றுபவை. ஆகவே ஹேர் டிரையரை அணைத்து, மின் இணைப்பையும் எடுத்த பிறகே புட்டியைத் திறக்க வேண்டும்.

பதில் 2

மேலே சொன்ன முறை சரியே. ஆனால் சூடேற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று விடுபட்டிருக்கிறது. எல்லா எழுத்தும் டேப்பில் மட்டும் நிற்பதில்லை. சிலவற்றுக்குப் பின்னால் சிறு முளைகள் இருக்கும். அவை தகட்டில் போட்ட துளைகளுக்குள் இறங்கியிருக்கும். டிக்கிக் கதவின் உட்புற அட்டையைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். துளைகள் இருந்தால், எழுத்தை எடுத்த பிறகு அவற்றை அடைத்துப் பெயிண்ட் அடிக்காமல் விடக்கூடாது. நீர் உள்ளே இறங்கி அந்த விளிம்பிலிருந்து துரு கிளம்பும். அவ்வளவு வேலைக்கு அந்த எழுத்து தகுதியானதா என்று எனக்குத் தோன்றவில்லை.

வட்டச் சின்னத்தை விட்டுவைப்பதும் நல்ல முடிவே. சில வண்டிகளில் பின்புறச் சின்னத்துக்குள் கேமராவோ டிக்கியைத் திறக்கும் விசையோ ஒளிந்திருக்கும். சிலவற்றில் முன்புறச் சின்னத்துக்குப் பின்னால் ரேடார் இருக்கும். அவற்றின்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதுகூட ரேடாரின் வேலையைக் கெடுக்கலாம்.

பதில் 3

தின்னர் யோசனையை நான் ஒருமுறை நடைமுறைப்படுத்திப் பார்த்தவன். என் பழைய வண்டியின் டிக்கிக் கதவு முன்பு ஒரு மோதலில் அடிபட்டு மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது. துணியை எடுத்துப் பார்த்தபோது, பசையோடு பெயிண்டின் நிறமும் அதில் ஏறியிருந்தது. உங்கள் வண்டியும் அப்படி மறுபெயிண்ட் கண்டதா என்று ரப்பர் பீடிங்கின் ஓரத்தில் பெயிண்ட் சிதறலைத் தேடிப் பாருங்கள். ஆமென்றால் சூட்டையும் குறைத்துக்கொள்ளுங்கள், டேப்போடு பெயிண்டும் கழன்று வர வாய்ப்புண்டு.

இன்னொன்று: ஒன்பது ஆண்டு வெயில் படாத இடம், சுற்றியிருக்கும் இடத்தைப்போல மங்கியிருக்காது. எழுத்தை எடுத்த பின்னும் அதன் நிழல் அங்கேயே நிற்கும், கருநீலத்தில் இது நன்றாகவே தெரியும். மெல்லிய பாலிஷை நுரைத் திண்டில் தடவித் தேய்த்தால் பெரும்பகுதி மறையும். முழுவதும் மறைந்தே ஆக வேண்டுமென்று ரப்பிங் காம்பவுண்டைக் கொண்டு தேய்த்துக்கொண்டே போனால் கிளியர் கோட் தீர்ந்துபோகும்; நிற அடுக்கே மங்கியிருந்தால் தேய்த்தும் பயனில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. உட்புற அட்டையைக் கழற்றிப் பார்த்ததில், மாடல் பெயரின் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் முளைகள் இருப்பது தெரிந்ததால் அந்த வரிசையைத் தொடவில்லை. தூரிகையால் தேய்த்ததில் வெள்ளைக் கோடு போய்விட்டது. விற்பனையகப் பட்டையை மட்டும் நரம்பால் எடுத்தேன். ஒரு முழு மாலைப்பொழுது ஆயிற்று, அதில் பாதி நேரம் கட்டைவிரலின் வேலை. பாலிஷுக்குப் பின் நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. காலையில் பனித்துளி படியும்போது மட்டும் அந்தப் பட்டையின் வடிவத்தை இன்னமும் பார்க்க முடிகிறது.