ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு சுகர், பிரஷர் பார்த்திருக்கிறீர்களா?

காவேரிப்பட்டணம் அம்மா:
மகனுக்கு வயது 22, ஆட்டிசம். வெள்ளைச் சோறு, அப்பளம், மாம்பழ ஜூஸ் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டான். களி கையில் ஒட்டும், அதனால் தட்டையே தள்ளிவிடுவான். ஆத்திரம் அடங்க ரிஸ்பெரிடோன் மாத்திரை ஆரம்பித்த பிறகு பசி அதிகமாகி எடையும் ஏறியது. பின்கழுத்து கறுத்துப்போனது. என் மாமியார் அழுக்கென்று தேய்தேய் என்று தேய்ப்பார். மனநல டாக்டர்தான் பார்த்துவிட்டு, "இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டாலும் இப்படிக் கறுக்கும், எச்பிஏ1சி எடுங்கள்" என்றார். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்த டெஸ்ட் அது.

லேபில் கூட்டம், டியூப்லைட் இரைச்சல், மருந்து வாடை. காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். "நாலு பேர் அமுக்கிப் பிடிங்க" என்றார் அங்கிருந்தவர். வேண்டாம் என்று திரும்பிவிட்டோம். இந்த டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையில்லையாம். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேறொரு லேபிலிருந்து ஆளை வீட்டுக்கே வரச்சொன்னோம். மரத்துப்போகும் கிரீமை முன்கூட்டியே தடவி, அவனுடைய நாற்காலியிலேயே உட்கார வைத்து எடுத்தார்கள். 6.1 வந்தது. சர்க்கரை நோய் இல்லை, அதற்கு முந்தைய நிலை என்றார் டாக்டர்.

ஓசூர் அப்பா:
அக்கா, 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2023-ல் வந்தது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு, இதய நோய்க்கு ஒன்றரை மடங்கு. கொலஸ்ட்ரால் கோளாறும் கூடுதல். ஆட்டிசமே காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சாப்பாடு, நடமாட்டக் குறைவு, தூக்கமின்மை, மாத்திரை எல்லாம் கலந்து கிடக்கிறது. என் பெண் விஷயத்தில் எந்த டாக்டரும் பேச்சுப் பயிற்சியைத் தாண்டி வேறு எதையும் கேட்டதே இல்லை, அதுதான் எரிச்சல். அப்புறம், எடை ஏறுகிறதென்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளவைக் குறைப்பதா, வேறு மாற்றுவதா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

சூளகிரி தங்கை:
வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் பார்க்கும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் பாட்டிக்கு பிரஷர் பார்க்க வரும் அக்கா, ஆட்டிசம் உள்ள என் அண்ணனுக்கும் பார்க்கிறார். முதலில் பாட்டி கையில் கட்டுவதை அவன் தள்ளி நின்று பார்ப்பான். பிறகு தானாகவே கையை நீட்டினான். அந்தப் பட்டை இறுக்குவது அவனுக்குப் பிடித்துவிட்டது, "இன்னொரு தடவை" என்பான்! ஊசிக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. அக்கா, அந்த கிரீமை எவ்வளவு நேரம் முன்னால் தடவினீர்கள்?

காவேரிப்பட்டணம் அம்மா:
ஒரு மணி நேரம் முன்னால். மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டச் சொன்னார்கள், அவன் பிய்த்துவிட்டான். நான் முழுக்கைச் சட்டை போட்டுவிட்டேன்.