பாகற்காய், வெண்டைக்காய், மரச்சீனி எல்லாம் ஓவனில்: இனி எண்ணெய்ச் சட்டி எதற்கு?

வடசேரி மலர்:
சாயாவுக்குக் கொறிக்க ஏதாவது இல்லாமல் எங்கள் வீட்டில் நாள் ஓடாது. கடைப் பாக்கெட் வாங்குவதை நிறுத்தி, எண்ணெய்ச் சட்டியையும் பரணில் ஏற்றிவிட்டேன். இப்போது எல்லாம் ஓடிஜி (சுடவும் வாட்டவும் உதவும் சின்ன மின்சார) ஓவனில்தான். சந்தையில் எது மலிவோ அது அன்றைக்கு ஓவனுக்குள் போகும்: பாகற்காய், வெண்டைக்காய், பீட்ரூட், சீனிக்கிழங்கு (சர்க்கரைவள்ளி), மரச்சீனி (மரவள்ளி).

முதலில் பாகற்காய். வில்லைகள் ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்தைத் தாண்டக் கூடாது. உப்பும் மஞ்சளும் பிசறி அரை மணி நேரம் வைத்தால் தண்ணீர் விடும். அதை இறுக்கிப் பிழிந்து, துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுங்கள். கால் கிலோ காய்க்கு இரண்டு டீஸ்பூன் தேங்காயெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு, வத்தல்பொடி, கொஞ்சம் நல்லமிளகு. தட்டில் பரப்பாதீர்கள், கம்பி வலைமேல் பரப்புங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல். ஓவனை முன்கூட்டியே சூடாக்கி 160 டிகிரியில் வைத்து, இருபது நிமிடத்தில் திருப்பிப் போடுங்கள். அப்புறம் அடிக்கடி எட்டிப் பாருங்கள். ஓரம் சிவந்ததும் அணைத்துவிட்டு, கதவை ஒரு விரல் அளவு திறந்துவைத்து உள்ளேயே ஆறவிடுங்கள். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் மொறுமொறுப்பு வராது.

இதற்குப் பிறகும் வறுப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

மார்த்தாண்டம்காரன்:
ஒரே ஒரு நியாயம் சொல்கிறேன் அக்கா. ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய்.

எங்கள் பக்கத்துச் சிப்ஸ் கடை வாசலில் நின்று பார்த்திருக்கிறீர்களா? தோல் சீவி மஞ்சள் தண்ணீரில் கிடந்த காயைத் துடைத்து, சீவுகிற பலகையைச் சட்டிக்கு நேர் மேலே பிடித்து, கொதிக்கிற தேங்காயெண்ணெயிலேயே சீவி விழவைப்பார்கள். முக்கால் வேக்காட்டில் உப்புத் தண்ணீரை ஒரு கரண்டி எண்ணெயில் ஊற்றுவார்கள். சட்டி இரைந்து அடங்கும்போது உப்பு வில்லைக்கு வில்லை ஒரே சீராக ஏறியிருக்கும். இதை எந்த ஓவனில் செய்வீர்கள்? ஓவனில் சுட்ட ஏத்தங்காயை ஒரு சொந்தக்காரர் வீட்டில் தந்தார்கள். மரியாதைக்காக மென்றேன், தாடை வலித்தது. காய்ந்துபோவது வேறு, மொறுமொறுப்பாவது வேறு.

ஓணத்துக்கு இலை ஓரத்தில் உப்பேரிக்கு, அதாவது எண்ணெயில் வறுத்த ஏத்தங்காய்ச் சிப்ஸுக்கு, பதிலாக அதை வைத்துப் பாருங்கள். மாமியார் சொல்வதை இங்கே வந்து எழுதுங்கள்.

தக்கலை வாத்தியார்:
மார்த்தாண்டம்காரர் சொல்வதில் பாதி இயற்பியல், பாதி பாசம். பாசத்தில் நான் தலையிடவில்லை.

170, 180 டிகிரி எண்ணெயில் விழும் வில்லையின் எல்லாப் பக்கத்தையும் சூடு ஒரே நேரத்தில் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் பீறிட்டு வெளியேறும்போது நுண்ணிய துளைகளை விட்டுப் போகிறது. நாம் கடிக்கும்போது நொறுங்குவது அந்தத் துளைகளின் மெல்லிய சுவர்கள்தான். ஓவனில் அதே 180 டிகிரி இருந்தாலும் காற்று சூட்டைக் கடத்துவது எண்ணெயைவிட எவ்வளவோ மெதுவாகத்தான். தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்து போவதால் வில்லை சுருங்கி இறுகிவிடுகிறது. ஏத்தங்காய் மாதிரி மாவு நெருங்கிய காய்க்கு அந்த இறுக்கம் கூடுதல். ஆகவே உங்கள் தாடைவலிக்குக் காரணம் உண்டு.

ஆனால் பாகற்காயின் கதை வேறு. அதில் பெரும்பகுதி தண்ணீர், மாவு மிகக் குறைவு. உப்புப் போட்டுப் பிழியும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. மேலே ஒட்டிய அரிசி மாவு தனியாக ஒரு மேலோட்டைத் தருகிறது. கம்பி வலை ஏன் என்றால், தட்டில் அடியில் பட்ட ஆவி போக வழியில்லாமல் காயை வேகவைத்துவிடும். மலர் அம்மா செய்முறையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தலைப்பில்தான் குறை. எல்லாக் காயையும் ஒரே வண்டியில் ஏற்றியிருக்கிறீர்கள்.

இன்னொன்று, எண்ணெய் எவ்வளவு என்று பார்ப்போம். வறுத்த உருளைக்கிழங்குச் சிப்ஸின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். அதில் பெரும்பகுதி சட்டிக்குள் ஏறுவதில்லை; வெளியே எடுத்து ஆறும்போது, ஆவி குளிர்ந்து சுருங்கும்போது, மேலே ஒட்டிய எண்ணெய் அந்தத் துளைகளுக்குள் இழுக்கப்படுகிறது. அதனால்தான் எடுத்தவுடன் நன்றாக உதறி வடிகட்டச் சொல்வார்கள். மலர் அம்மாவின் இரண்டு டீஸ்பூன் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

குளச்சல் அலை:
எண்ணெய் குறைவு, சரி. அதை வைத்து ஓவன் என்றாலே ஆரோக்கியம் என்று வாட்ஸப்பில் ஓடுகிறதே, அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. அக்ரிலமைடு என்று ஒன்று இருக்கிறது. மாவுச்சத்துள்ள பொருளை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால், அதில் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து உண்டாவது. உணவில் அது இருப்பதை 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டபோது சிப்ஸ் உலகமே ஆடிப்போனது. அது எண்ணெயில் மட்டும் வருவதில்லை. ஓவனிலும் வரும், ரொட்டியிலும் வரும், காப்பிக்கொட்டை வறுக்கும்போதும் வரும். பொன்னிறம் தாண்டிப் பழுப்பானால் கூடும்.

மலர் அக்கா பட்டியலில் சீனிக்கிழங்கு இருக்கிறது. அதில் சர்க்கரை இயல்பாகவே அதிகம், சீக்கிரம் கருக்கும். உருளைக்கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு எடுத்துச் சுடுகிறவர்களுக்கும் இதேதான். குளிரில் அதன் மாவு கொஞ்சம் சர்க்கரையாக மாறிவிடும். சுடுமுன் வில்லைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், குறையும். சூட்டையும் அடக்கி வையுங்கள்.

தக்கலை வாத்தியார்:
வேதியியல் சரி, பயமுறுத்தல் கொஞ்சம் அதிகம். 1994-இல் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை அக்ரிலமைடை 2ஏ பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற பிரிவில், வைத்தது உண்மைதான். அதற்குப் பெரும் ஆதாரம் விலங்குச் சோதனைகள். உணவு வழியாக மனிதர்களுக்குப் போகும் அளவு புற்றுநோயை உண்டாக்குகிறது என்று இன்றுவரை தெளிவாக நிறுவப்படவில்லை. கருக்காமல் எடுங்கள் என்றால் போதும். அதையும் பாகற்காய்க்குச் சொல்ல வேண்டியதில்லை, கருகினால் அதுவே கசப்பில் சொல்லிவிடும்.

தோவாளைப் பிச்சி:
எல்லோரும் ஓவனையே குறுக்கு விசாரணை செய்கிறீர்களே, சட்டியில் இருக்கிற எண்ணெய் எத்தனையாவது நாள் எண்ணெய் என்று யாராவது கேட்டீர்களா? 2018 ஜூலை முதல் நம் நாட்டில் வறுக்கும் எண்ணெய்க்கு ஒரு வரம்பு இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் வறுக்கக் கூடாது. எல்லாத் தெருமுனைச் சட்டியிலும் யார் அளக்கிறார்கள்? எண்ணெய் நிறம் கறுத்து, நுரைத்து, புகைந்தால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

மார்த்தாண்டம்காரன்:
தோவாளைப் பிச்சி, மோசமான கடையைக் காட்டி நல்ல சட்டியைத் தூக்கிலிடாதீர்கள். தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் பூரிதக் கொழுப்பு. ஆகவே சூட்டில் மற்ற எண்ணெய்கள் கெடுகிற வேகத்தில் அது கெடாது. தேங்காயெண்ணெயில் வறுத்த உப்பேரி டப்பாவில் சிக்கு வாடை அடிக்காமல் இருப்பதும் அதனால்தான்.

குளச்சல் அலை:
அதே பூரிதக் கொழுப்புதான் இதய டாக்டர் குறைக்கச் சொல்வதும், அண்ணே. ஒரே குணத்தை வைத்து ஒரு பக்கம் மட்டும் பேசக் கூடாது. அப்புறம், 2025-இல் தேங்காயெண்ணெய் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு தேங்காயெண்ணெய் என்று பலகை வைத்த எல்லாச் சட்டியிலும் தேங்காயெண்ணெய்தான் இருக்கிறது என்று நீங்கள் சத்தியம் செய்வீர்களா?

மார்த்தாண்டம்காரன்:
சத்தியம் செய்ய மாட்டேன். முகர்ந்து பார்த்து வாங்குவேன்.

கருங்கல் பேரன்:
எல்லோரும் எண்ணெயில் வழுக்கிக்கொண்டே போகிறீர்கள். மலர் அக்கா, பட்டியலில் மரச்சீனியும் இருக்கிறதே, அதைப் பச்சையாகச் சீவியா ஓவனில் வைக்கிறீர்கள்? அப்படியென்றால் எனக்கு ஒப்புதல் இல்லை.

மரச்சீனியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. அது சிதைந்தால் சயனைடு வரும். கசப்பு இனங்களில் அதிகம், நாம் அவித்துத் தின்கிற இனங்களில் குறைவு. எங்கள் வீட்டில் பாட்டி மரச்சீனியைத் துண்டாக்கி நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிக் களைந்துவிட்டுத்தான் மீதி வேலை. லினமாரின் தண்ணீரில் கரையும் என்பதால் அது அந்தத் தண்ணீரோடு போய்விடும். நேராக உலர்ந்த சூட்டில் வைத்தால், அதைச் சிதைத்து வெளியேற்ற வேண்டிய நொதி முதலில் செயலிழந்துவிடும், லினமாரினில் பெரும்பகுதி கிழங்கிலேயே தங்கும்.

விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரப்பியதிலிருந்து நம் ஊர் வயிறு அதை நம்பித்தான் வாழ்ந்தது. அந்தப் பக்குவத்தை ஓவன் வந்ததால் விட்டுவிட முடியாது.

மார்த்தாண்டம்காரன்:
கடையில் பச்சையாகச் சீவித்தானே வறுக்கிறார்கள், கருங்கல் தம்பி? யாருக்கு என்ன ஆனது?

கருங்கல் பேரன்:
வருகிற கிழங்கு எந்த இனம் என்று கடைக்காரருக்குத் தெரியும். சந்தையில் குவியலில் வாங்குகிற நமக்குத் தெரியாது. கைப்பிடி சிப்ஸ் தின்று யாரும் சாகப் போவதில்லை. வீட்டில் குழந்தைகள் டப்பாவோடு உட்காருவார்கள், அதனால் சொல்கிறேன்.

வடசேரி மலர்:
ஒவ்வொருவராக வருகிறேன்.

கருங்கல் பேரா, நான் பச்சையாக வைப்பதில்லை. அதைத் தனியாக எழுதியிருக்கலாம், இடம் கருதி எழுதாமல் விட்டேன். மரச்சீனியை நீள நீளக் குச்சிகளாக நறுக்கி, உப்புப் போட்ட தண்ணீரில் பாதி வேக்காடு. தண்ணீரை வடித்து, மின்விசிறிக்குக் கீழே துணியில் மேலெல்லாம் உலரும்வரை பரப்பி வைப்பேன். வெந்த கிழங்கின் மேல் மாவு பசையாகி நிற்கும். அது காய்ந்து ஓவனில் 200 டிகிரியில் அரை மணி நேரம் நின்றால் வெளியே மொறுமொறு, உள்ளே பூ மாதிரி. சிப்ஸ் அல்ல, குச்சி. குழந்தைகள் சண்டை போட்டு எடுப்பார்கள். பாட்டி பக்குவம்தான் இங்கே ஓவனுக்குக் கைகொடுக்கிறது.

வெண்டைக்காயை முழுசாகக் கழுவித் துடைத்து, ஈரம் போன பிறகுதான் நீளவாக்கில் நான்காக வகிருங்கள். ஈரக்கையோடு வகிர்ந்தால் கொழகொழப்பு ஓவனையே நாசமாக்கும். 180 டிகிரி. பீட்ரூட்டுக்கு 140-க்கு மேல் போகாதீர்கள், அது நிறம் மாறிக் கருகுவதை நீங்கள் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஏற்கெனவே கறுப்புச் சிவப்புதானே.

வாத்தியார் ஐயா, தலைப்பை மாற்றச் சொல்கிறீர்கள். மாற்ற மாட்டேன். ஏத்தங்காயை நான் ஓவனில் போடுவதாக எங்கும் எழுதவில்லை. உப்பேரி வேண்டுமென்றால் ஓணத்துக்குக் கால் கிலோ வாங்குகிறேன், எல்லோரும் தின்கிறோம், முடிந்தது. அதற்காக வருஷம் முழுவதும் வீட்டில் ஒரு சட்டி எண்ணெய் வைத்துக் காப்பாற்ற வேண்டுமா?

மார்த்தாண்டம்காரன்:
பார்த்தீர்களா, கடைசியில் சட்டிக்காரரிடம்தான் வருகிறீர்கள். சட்டி உங்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வடசேரி மலர்:
அந்த வித்தியாசம் எனக்குப் போதும். வறுத்து மிச்சமான எண்ணெயை என்ன செய்வது என்று யோசிக்கிற வேலை உங்களுக்கு இல்லை, அண்ணே.

இரணியல் புதுவரவு:
நான் கேட்பது சின்ன விஷயம். நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை காற்றில் ஈரம்தான். ஓவனில் சுட்ட பாகற்காய் தட்டில் வைத்துச் சாயா ஊற்றுவதற்குள் நமத்துவிடுகிறது. கடைச் சிப்ஸ் அப்படி நமப்பதில்லை. அப்புறம் கரண்ட் பில்?

தக்கலை வாத்தியார்:
கரண்டை முதலில் முடித்துவிடுகிறேன். 1500 வாட் ஓவன் நாற்பது நிமிடம் முழு வேகத்தில் ஓடினாலே ஒரு யூனிட்தான். சூடு எட்டியதும் அது அணைந்து அணைந்து எரிவதால் அதற்கும் குறைவு. வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசமும் உண்டு. அதைத் தாண்டினாலும் இந்த ஒரு யூனிட் உங்களைக் கடனாளி ஆக்காது.

நமப்பதுதான் உண்மையான சங்கடம். வறுத்ததில் எண்ணெய்ப் படலம் ஈரத்தைக் கொஞ்சம் தடுக்கும். ஓவன் சிப்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இந்த இடத்தில் மார்த்தாண்டம்காரர் ஒரு புள்ளி எடுத்துக்கொள்ளலாம்.

மார்த்தாண்டம்காரன்:
எடுத்துக்கொண்டேன்.

வடசேரி மலர்:
மழைக்காலத்தில் நான் ஒரு வேளைக்கு மேல் செய்து வைப்பதில்லை. மிஞ்சினால், முழுக்க ஆறிய பிறகு இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. கொஞ்சம் சூடு இருக்கும்போது மூடினால் அதன் ஆவியிலேயே ஊறிவிடும். நமத்தால் மறுபடி 120 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து, திறந்து ஆறவிடுங்கள், திரும்பி வரும். உப்பைக் கடைசியில் தூவுவதும் உதவும். உப்பு ஈரத்தை இழுக்கும். பாகற்காயில் மட்டும் முன்னாலேயே போட்டுப் பிழிய வேண்டியிருப்பதால் மேலே மறுபடி தூவ வேண்டாம்.

இரணியல் புதுவரவு:
எங்கள் வீட்டில் ஓடிஜி இல்லை அக்கா. கன்வெக்‌ஷன் உள்ள மைக்ரோவேவ் இருக்கிறது. அதில் வருமா?

வடசேரி மலர்:
வரும். கன்வெக்‌ஷன் என்ற பட்டனில் வையுங்கள், மைக்ரோவேவில் வைக்காதீர்கள், அதில் ரப்பராகிவிடும். அதோடு வந்த உயரமான கம்பி ஸ்டாண்டைக் கன்வெக்‌ஷனில் மட்டும் பயன்படுத்துங்கள். விசிறி ஓடுவதால் என் அளவைவிட பத்துப் பதினைந்து டிகிரி குறைத்துத் தொடங்குங்கள். இடம் சின்னது, கால் கிலோவை இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். முதலில் வெண்டைக்காய் செய்யுங்கள், அது சீக்கிரம் தப்பாது.