படிகப் பூதத்திடம் பலிக்காத கட்டானா

குழு: பெரிய வீட்டுப் பிள்ளைகள்
சனிக்கிழமை, மாலை 6:50

கார்த்திக்: நிலா அக்கா, எல்டன் ரிங் வீடியோ கேமில் ஒரு சந்தேகம். லியூர்னியா பகுதியில் ராயா லூகாரியா கிரிஸ்டல் டனல் என்றொரு சுரங்கம் இருக்கிறதே, அதன் கடைசியில் வளையக் கத்தியோடு நிற்கும் கிரிஸ்டலியன் என்ற பூதத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. உச்சிகட்டானா என்ற ஜப்பானிய வாளால் எவ்வளவு வெட்டினாலும் அவனுடைய உயிர்க்கோடு மயிரிழை அளவுதான் குறைகிறது.

தருண்: மதியத்திலிருந்து அண்ணன் செத்துச் செத்துப் பிழைக்கிறான்.

மல்லிகா அத்தை: யார் செத்தது? எனக்குப் பகீர் என்றாகிவிட்டது!

நிலா: விளையாட்டில்தான் அத்தை.

மல்லிகா அத்தை: விளையாட்டானாலும் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தச் சொல் வேண்டாம்.

நிலா: சரி அத்தை. கார்த்திக், அவனை ஏன் வெட்டுகிறாய்? அவன் உடம்பே படிகம். வரும் வழியில் சுரங்கத் தொழிலாளிகளை வெட்டும்போது 'டிங்' என்று கத்தி தெறித்திருக்குமே?

கார்த்திக்: தெறித்தது. லெவல் போதவில்லை என்றல்லவா நினைத்தேன்! முன்னால் வந்த பெரிய எதிரிகள் மார்கிட்டையும் காட்ரிக்கையும் இதே கத்தியால்தான் வீழ்த்தினேன். இரண்டு பேரும் இரத்தம் பீறிட்டு விழுந்தார்கள்.

நிலா: கட்டானாவின் பலமே அந்த இரத்தம்தான். ஒவ்வொரு வெட்டிலும் 45 புள்ளி இரத்தக்கசிவு சேர்கிறது. அது நிரம்பியவுடன் எதிரியின் முழு உயிரில் 15 விழுக்காடும், அதற்கு மேல் 100 புள்ளியும் ஒரேயடியாகப் போய்விடும். காட்ரிக் போன்ற பெரிய உடம்புக்காரனுக்கு அது பேரிழப்பு. கிரிஸ்டலியனுக்கு இரத்தமே கிடையாது. எலும்புக்கூடுகளுக்கும் கிடையாது.

கார்த்திக்: இரத்தம் போகட்டும், வெட்டாவது விழ வேண்டாமா?

நிலா: விழாது. அந்த விளையாட்டில் உடல்தாக்கு நான்கு வகை: பொதுவான அடி, வெட்டு, குத்து, இடி. கட்டானா பெரும்பாலும் வெட்டு. சதை தெரிகிற எதிரிக்கு வெட்டு நன்றாக இறங்கும். கல்லுக்கும் படிகத்துக்கும் இடிதான். மேஸ் என்ற குண்டாந்தடி, கதாயுதம், சங்கிலிக் குண்டான ஃப்ளெயில் எல்லாம் அந்த வகை.

தருண்: குத்து எதற்கு அக்கா?

நிலா: எதிரி ஓங்கி அடிக்க வரும் அந்த நொடியில் குத்தினால் சேதம் கூடும். ஈட்டியாக இருந்தால் கேடயத்தைத் தூக்கிப் பிடித்தபடியே குத்தலாம். என்னைக் கேட்டால் அந்த விளையாட்டில் ஈட்டிக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை. எல்லாரும் கட்டானாவின் அழகில் மயங்கிவிடுகிறார்கள்.

கார்த்திக்: குத்துகிற பேச்சு புரிகிறது அக்கா.

சரவணன் சித்தப்பா: நிலா சொல்வது வரலாற்றுக்கும் பொருந்தும். 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வீரர்கள் உடல் முழுவதும் எஃகுத் தகடு அணிந்து வந்தபோது வாளால் வெட்டிப் பயனில்லாமல் போனது. அதனால் மேஸாலும், நீண்ட காம்பு போட்ட போர்க்கோடரியாலும் தகட்டின்மேல் இடித்தார்கள். வாள்தான் கையில் இருக்கிறது என்றால், அலகின் நடுவிலேயே ஒரு கையால் பிடித்து, தகட்டின் இடுக்குகளில் குத்தினார்கள். அந்தக் காலத்து ஜெர்மன் போர்ப்பயிற்சி ஏடுகளில் இதற்குப் படமே இருக்கிறது.

தருண்: அலகைப் பிடித்தால் கை அறுந்துவிடாதா சித்தப்பா?

சரவணன் சித்தப்பா: இறுக்கமாகப் பிடித்து, கை வழுக்காமல் பார்த்துக்கொண்டால் அறுக்காது. வீட்டுக் கத்தியை வைத்துச் சோதித்துப் பார்க்காதே.

மல்லிகா அத்தை: சரவணா, பிள்ளைகளுக்குச் சொல்கிற விஷயமா இது?

கார்த்திக்: அக்கா, என்னிடம் இடி ஆயுதமே இல்லையே. இனிமேல் எங்கே போய்த் தேடுவது?

நிலா: லிம்கிரேவில் கேட்ஃப்ரண்ட் இடிபாடுகளில் ஒரு வண்டியின் பின்னால் பெட்டி இருந்ததே, திறந்தாயா?

கார்த்திக்: திறந்தேன். சங்கிலியில் இரும்புக் குண்டு தொங்குகிற ஃப்ளெயில் ஒன்று கிடைத்தது. தாக்கு எண் கட்டானாவைவிடக் குறைவு என்று மூட்டையிலேயே போட்டுவிட்டேன்.

நிலா: அந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவாய். கட்டானாவை நீ +3 வரை வளர்த்திருப்பாய், ஃப்ளெயில் வளர்க்காமல் கிடக்கிறது. அப்புறம், எண்ணுக்குக் கீழே இருக்கும் எழுத்துகளைப் பார். ஈ மிகவும் குறைவு. டி, சி, பி, ஏ என்று ஏறி எஸ் உச்சம். உன் ஸ்ட்ரெங்த் (வலிமை), டெக்ஸ்டெரிட்டி (கைத்திறன்) போன்ற எண்களிலிருந்து ஆயுதத்துக்கு எவ்வளவு பலம் போய்ச்சேரும் என்பதை அந்த எழுத்துதான் சொல்கிறது. உன் டெக்ஸ்டெரிட்டி எவ்வளவு?

கார்த்திக்: 20.

நிலா: ஃப்ளெயிலைத் தூக்க ஸ்ட்ரெங்த் 8, டெக்ஸ்டெரிட்டி 18 இருந்தால் போதும். இடி ஆயுதங்களில் பெரும்பாலானவை ஸ்ட்ரெங்த் கேட்கும், இது டெக்ஸ்டெரிட்டி கேட்கிறது. உனக்கென்றே செய்தது போலிருக்கிறது.

தருண்: அக்கா, அந்தப் பிரம்மாண்டமான கிரேட்ஸ்வோர்டை எடுத்து ஒரே போடாகப் போட்டால்? கேலிடில் வண்டியில் இருப்பதாகப் பள்ளியில் சொன்னார்கள்.

நிலா: இருக்கிறது. ஆனால் ஸ்ட்ரெங்த் 31 வேண்டும். இரண்டு கையால் பிடித்தால் உன் ஸ்ட்ரெங்த்தை ஒன்றரை மடங்காகக் கணக்கிடும், ஆகவே 21 இருந்தாலே தூக்கிவிடலாம். கார்த்திக்கிடம் அதுவும் இல்லை. 2022 பிப்ரவரியில் விளையாட்டு வந்த புதிதில் அந்த ராட்சத வாள்கள் ஆமை வேகத்தில்தான் வீசும். அந்த ஏப்ரலில் வந்த 1.04 திருத்தத்தில்தான் வேகத்தைக் கூட்டினார்கள். இப்போது குதித்து அடித்தால் பெரிய எதிரியே நிலைகுலைந்து மண்டியிடுவான்.

சரவணன் சித்தப்பா: அது என்ன எடை இருக்கும்?

நிலா: 23 அப்பா. கிலோவா, வேறு எதுவுமா என்று விளையாட்டு சொல்வதில்லை.

சரவணன் சித்தப்பா: கிலோ என்றால் தூக்கியவன் தோள் கழன்றுவிடும். ஐரோப்பாவில் இரு கைகளால் வீசிய நிஜமான பெரிய வாள்களே பெரும்பாலும் 2 முதல் 4 கிலோவுக்குள்தான். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கின்றன, ஒருநாள் உங்களை அழைத்துப்போகிறேன். கட்டாரியைப் பார்த்தால் வியந்துபோவீர்கள். குறுக்குப் பிடியை முஷ்டியில் அடக்கி, கையை நீட்டினாலே குத்து விழும்.

நிலா: கட்டாரி எல்டன் ரிங்கிலும் இருக்கிறது அப்பா. முஷ்டி ஆயுதங்களின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். உருமிகூட இருக்கிறது, சாட்டைகளோடு சேர்த்து.

சரவணன் சித்தப்பா: உருமியா! நம் சுருள்வாளா? இந்த விளையாட்டைச் செய்த ஜப்பான்காரர்கள் அதுவரை வந்துவிட்டார்களா?

தருண்: அதற்கு என்ன பலம் அக்கா?

நிலா: சாட்டை வகை அடியை எதிரி பாரி செய்து தட்டிவிட முடியாது. நிலைகுலைக்கும் பலம் மட்டும் குறைவு. கார்த்திக், இருக்கிறாயா? எல்லேயின் தேவாலயத்தில் இருக்கிற, ஆயுதம் வளர்க்கும் மேசையிலேயே ஃப்ளெயிலை +3 வரை ஏற்றலாம். படிக்கு 2, 4, 6 என்று மொத்தம் 12 ஸ்மிதிங் ஸ்டோன், அதாவது ஆயுதம் வளர்க்கும் கல், செலவாகும். கல் இருக்கிறதா?

கார்த்திக்: இந்தச் சுரங்கத்திலேயே பொறுக்கியது இருக்கிறது. போய்விட்டு வருகிறேன்.

நிலா: கேள், சும்மா சுழற்றிக்கொண்டிருக்காதே. இரண்டு கையாலும் பிடித்து, குதித்து, கனத்த அடியாக அடி. விரிசல் விடுகிறவரை அவன் உயிர் பெரிதாகக் குறையாது, அதைப் பார்த்துப் பதறாதே. ஒரு முறை நிலைகுலைந்து உடைந்துவிட்டான் என்றால் அதன்பின் கட்டானாவுக்கும் வழிவிடுவான்.

மல்லிகா அத்தை: கார்த்திக், உன் அம்மா இட்லி ஆறுகிறது என்கிறாள். பூதம் அங்கேயேதான் நிற்கும், எழுந்து வா.

இரவு 8:35

தருண்: உடைந்துவிட்டான்!! கண்ணாடி நொறுங்குகிற சத்தம். அண்ணன் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்தார்.

கார்த்திக்: அக்கா, என்ன வித்தியாசம்! குதித்து அடித்த கொஞ்ச நேரத்திலேயே உடம்பெல்லாம் விரிசல் ஓடி மண்டியிட்டுவிட்டான். கீழே ஒரு மணி விழுந்தது. ஸ்மிதிங் ஸ்டோன் மைனர்ஸ் பெல் பேரிங்.

நிலா: அதற்காகத்தான் அந்தச் சுரங்கத்தையே முடிக்கச் சொல்வார்கள். ரவுண்ட்டேபிள் ஹோல்டில் ட்வின் மெய்டன் ஹஸ்க்ஸ் என்ற கடைக்காரிகளிடம் அதைக் கொடு. முதல் இரண்டு படிக் கற்களைக் காசு கொடுத்தே வாங்கலாம். இனிமேல் ஒரே ஆயுதத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை, வெட்டுக்கு ஒன்று, இடிக்கு ஒன்று என இரண்டையும் வளர்க்கலாம். ஸ்டார்ம்வெயில் கோட்டையில் அயர்ன் வெட்பிளேடு எடுத்தாயா?

கார்த்திக்: எடுத்தேன், பயன்படுத்தத் தெரியவில்லை.

நிலா: அது இருந்தால் கட்டானாவைக் கீன் என்ற தன்மைக்கு மாற்றலாம். டெக்ஸ்டெரிட்டிக்கான எழுத்து ஏறும், ஸ்ட்ரெங்த்துக்கானது இறங்கும். உனக்கு நட்டமே இல்லை.

தருண்: நாளை என்னுடைய முறை. நான் உருமிதான் எடுப்பேன்.

நிலா: அது ராயா லூகாரியா அகாடமிக்குள் இருக்கிறது தம்பி. வாசலைத் திறக்கச் சாவி வேண்டும்.

தருண்: சாவி எங்கே?

நிலா: தூங்குகிற டிராகனுக்குப் பின்னால்.