கல்லாவில் ஒட்டும் தாளுக்கு ஒரு சொல் வேண்டும்

மஞ்சக்குப்பம், கடலூர் – திங்கள் காலை

கலைச்சொல் மடற்குழுவினர்க்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரு தாள் அச்சுக்குப் போக வேண்டும். உணவகத்தில் பில் போடும் கணினி முரண்டு பிடித்தால், என்னைத் தொலைபேசியில் அழைப்பதற்கு முன் கல்லாவில் இருப்பவர் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்லும் ஒற்றைத் தாள். ஆங்கிலத் தாள் ஒன்று ஏற்கெனவே எல்லாக் கடைகளிலும் ஒட்டியிருக்கிறது. அதன் மேல் காலண்டர் மாட்டியிருக்கிறார்கள். தமிழில் எழுதி முடித்துவிட்டேன். தலைப்பில்தான் வண்டி நிற்கிறது. ‘ட்ரபிள்ஷூட்டிங்’ என்பதற்கு என்ன போடுவது? கூடவே ‘பாயின்ட் ஆஃப் சேல்’ என்பதையும் (பில் போடும் அந்தக் கணினிதான்) முடித்துக் கொடுத்தால் நல்லது. ரேஷன் கடைகளில் ‘விற்பனை முனையம்’ என்கிறார்கள்.

‘பழுதுபார்த்தல்’ என்று போட்டுவிட்டுப் போவதுதானே என்பீர்கள். நேற்று நடந்ததைக் கேளுங்கள். ஞாயிறு மதியம் ஒன்றேகால் மணி. மேசைகள் எல்லாம் நிரம்பி, வாசலில் குழந்தைகளோடு நிற்கிறார்கள். பில் வருகிறது, சமையலறைக்குப் போக வேண்டிய ஆர்டர் துண்டு மட்டும் வரவில்லை. வஞ்சிரம் வறுவல் கேட்ட மேசைக்கு வெறும் சோறு போயிருக்கிறது. மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கல்லாவில் இருந்த பெண் பதற்றத்தில் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிச் செருகியிருக்கிறார், பயனில்லை. நான் போனபோது எல்லா விளக்கும் பச்சையாகத்தான் எரிந்தன.

பிரிண்டரை அணைத்து, காகிதம் தள்ளும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி போட்டேன். அது தன் சாதகத்தைத் தானே அச்சடித்துக் கொடுத்தது. வலையமைப்பில் அதன் முகவரி 192.168.1.57. பில் மென்பொருளோ 192.168.1.50 என்ற பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் மின்சாரம் போய் வந்தபோது ரௌட்டர் பிரிண்டருக்கு வேறு எண்ணைக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான். இனி மாறாதபடி 50ஐயே பிரிண்டருக்கு நிலையாக எழுதி வைத்தேன். நான்கு நிமிட வேலை. கண்டுபிடிக்க இருபது நிமிடம்.

எதுவும் உடையவில்லை, எதையும் கழற்றி மாட்டவில்லை. எனக்குப் பெயர் வேண்டியது அந்த இருபது நிமிடத்துக்கு.

லாஸ்பேட்டை, புதுச்சேரி – திங்கள் பிற்பகல்

தம்பிக்கு,

பெயர் இருக்கிறது. 948ஆம் குறளை எடுத்துப் பாரும். நோய்நாடி, நோய்முதல் நாடி, அது தணிக்கும் வாய்நாடி. இப்படி மூன்று முறை நாடிய பிறகுதான் ‘வாய்ப்பச் செயல்’ வருகிறது. உமது இருபது நிமிடம் அந்த மூன்று நாடி. நான்கு நிமிடம் செயல். ஆகவே ‘பழுதுநாடல்’. இதில் விவாதிக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சிலர் ‘வழுநாடல்’ என்று கிளம்புவார்கள். வேண்டாம். கணினித் தமிழில் வழு என்பது நிரலில் உள்ள தவற்றுக்கு நிலைத்துவிட்டது. நன்னூலார் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வழு சொன்னார். எட்டாவதாக ரௌட்டர் வழுவைச் சேர்க்க எனக்குத் துணிவில்லை. ‘சுடுதல்’ என்று எவரும் மொழிபெயர்த்துவிடவும் வேண்டாம். அந்த ஆங்கிலச் சொல் தந்திக் கம்பியிலும் தொலைபேசிக் கம்பியிலும் கோளாறு எந்த இடத்தில் என்று தேடிப்போன ஆட்களைக் குறித்து வழங்கிய சொல். தேடல்தான் அதன் உயிர்.

பழுது என்பதன் வேரையும் சொல்லிவிடுகிறேன். பழு என்றால் முதிர்தல். முதிர்ந்து பயனற்றுப் போவது பழுது. வைக்கோற்புரிக்குப் பழுதை என்று பெயர். பாம்புக்கும் அதே பெயர். ‘பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை, பாம்பென்று தாண்டவும் முடியவில்லை’ என்பார்கள். கல்லாவுக்கு அடியில் சுருண்டு கிடக்கும் கேபிள்களை நினைத்துக்கொள்ளும்.

திருப்பாதிரிப்புலியூர் – திங்கள் இரவு

புலவர் ஐயா பொறுத்தருள வேண்டும். தம்பி தம்மை அறியாமலே விடையை எழுதிவிட்டார். பிரிண்டரின் ‘சாதகம்’ என்றாரே, சாதகத்தில் பார்ப்பது எதை? கோளை!

மறைக்காட்டில் சம்பந்தப் பெருமான் பாடியது கோளறு பதிகம். கோளின் தீமையை அறுப்பது கோளறு. கோளாறு என்பது நோய்; கோளறு என்பது மருந்து. இடையில் ஒரே ஒரு மாத்திரை. இப்படி ஒரு வாய்ப்பை வேறு எந்த மொழி கொடுக்கும்? ‘கோளறல்’ என்று வையுங்கள்.

இன்னும் கேளுங்கள். கோள் என்பது கொள் என்பதன் முதனிலை நீண்டது; பற்றிக்கொள்வது. அச்சுக்குக் காத்திருக்கும் வரிசையில் ஒரு பில் சிக்கிக்கொண்டால், பின்னால் வருவன எல்லாம் அதன் முதுகில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. பற்றி நின்ற அந்த ஒன்றை நீக்கினால் மற்றவை கடகடவென வந்து விழுகின்றன. இது கோள் அறுப்பது அன்றி வேறென்ன?

பாரதி வீதிப் பக்கம், புதுச்சேரி – செவ்வாய் காலை

பெரியவர்களுக்கு வணக்கம். நான் கல்லாவில் உட்காருகிறவள். மதியம் ஒரு மணிக்கு மாத்திரை எண்ண எனக்கு நேரமில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கடலூரில் ஒரு கிளை உண்டு. அங்கே இருந்த அமைப்பை அப்படியே நகலெடுத்து எங்கள் கணினியில் போட்டுவிட்டுப் போனார் ஒருவர். (மஞ்சக்குப்பத்து அண்ணன் இல்லை.) இரண்டு நாள் எங்கள் பில்லில் கடலூர்க் கடையின் ஜிஎஸ்டி எண் போயிருக்கிறது. கண்டுபிடித்தவர் சாப்பிட வந்த ஒரு கணக்கர். “புதுச்சேரி எப்போது தமிழ்நாட்டில் சேர்ந்தது?” என்று கேட்டார். தமிழ்நாட்டு எண் 33இல் தொடங்கும், எங்களுடையது 34. யூனியன் பிரதேசமாக இருந்தாலும் சட்டப்பேரவை இருப்பதால் எங்கள் பில்லிலும் மாநில ஜிஎஸ்டி என்றுதான் வரும், இங்கும் 2.5, அங்கும் 2.5. வரியைப் பார்த்தால் வேறுபாடே தெரியாது. பிரிண்டர் அழகாக அடித்துக்கொண்டிருந்தது. இதில் எது பழுது ஐயா? எந்தக் கோள்?

மாடியில் மது பரிமாறுகிறோம். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, வாட் வரி. ஒரே மேசைக்கு இரண்டு வரிமுறை. அதில் வரும் குழப்பத்துக்கும் தாளில் ஒரு வரி வேண்டும்.

என் யோசனை: ‘சமையலறை அச்சுப்பொறி’ வேண்டாம், ‘குசினி பிரிண்டர்’ என்று எழுதுங்கள், எங்கள் ஊரில் குசினிதான். ‘விற்பனை முனையம்’ வேண்டாம், ‘கல்லாக் கணினி’ போதும். தலைப்பு ‘என்ன கோளாறு?’

லாஸ்பேட்டை – செவ்வாய் முற்பகல்

மகளே, உன் தொல்லை எனக்குப் புரிகிறது. ஆனால் ‘கல்லாக் கணினி’ என்பதற்கு என்ன பொருள்? படிக்காத கணினி! ‘கல்லாத’ என்பதில் ஈறு கெட்டால் கல்லா. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும். நீ போட்ட ‘க்’ அதற்குச் சான்றெழுத்து. கல்லாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிக் கண்டித்திருக்கிறார். பணப்பெட்டியைக் குறிக்கும் கல்லாவோ வடக்கேயிருந்து வந்த சொல். மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியது நாம் கல்லாவாக இருப்பதற்கு அன்று.

குசினியைப் பிரெஞ்சுக்காரர் கொடுத்தார் என்று புதுச்சேரியில் பெருமைப்படுகிறோம். யாழ்ப்பாணத்திலும் குசினிதான், அங்கே எந்தப் பிரெஞ்சுக்காரர் ஆண்டார்? போர்த்துக்கீசியரின் ‘கொசிஞ்ஞா’ அது.

நெல்லிக்குப்பம் – செவ்வாய் மாலை

கல்லாவுக்காக ஒரு சொல். 1879இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஜேம்ஸ் ரிட்டி என்ற மதுக்கடைக்காரர், வேலையாட்கள் காசை எடுத்துக்கொள்வதைத் தடுக்கத்தான் பணப்பதிவு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய தொடுதிரைக்கு அதுதான் பாட்டன். பிறந்ததே கல்லாப்பெட்டியாக, அதற்கு முனையம் என்று சட்டை மாட்டுவானேன்?

தலைப்புக்கு: துப்புத் துலக்குவதைப் போலப் ‘பழுது துலக்கல்’.

பாரதி வீதிப் பக்கம் – செவ்வாய் மாலை

துலக்கல் வேண்டாம் அண்ணா. உணவகத்தில் துலக்கல் என்றால் பின்கட்டில் பாத்திரம் துலக்குவது. தாளைப் பார்த்துவிட்டுப் பிரிண்டரைச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிடுவார்கள்.

லாஸ்பேட்டை – செவ்வாய் இரவு

துப்பு என்றால் உணவு என்றும் பொருள். ‘துப்பார்க்குத் துப்பாய’ என்ற குறளில் மழையே துப்பு. ஆகவே உணவகத்தில் துப்புத் துலக்கல் என்பது உண்டபின் தட்டு கழுவுதலே. மகள் சொல்வது இலக்கணப்படியும் சரி.

வடலூர் – புதன்

இத்தனை மடல்களைப் படித்தபின் ஒன்று தோன்றியது. எங்கள் ஊர்த் தருமசாலையில் 1867 முதல் அடுப்பு அணையவில்லை. அங்கே ஆர்டர் துண்டும் இல்லை, பில்லும் இல்லை. தலைப்புக்கு இது உதவாது என்று தெரியும்.

மஞ்சக்குப்பம் – வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. அச்சகத்தார் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

பழுதுநாடலுக்கு நால்வர், அவர்களில் இருவர் ‘வேறு கிடைக்காததால்’ என்று தனிமடலில் எழுதியிருக்கிறார்கள். துலக்கலை முன்மொழிந்தவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். கோளறலுக்கு ஒருவர், மூன்று மடல்களில். இன்று மாலை ஞாயிற்றுக்கிழமைக் கடைக்குப் போய், அந்தப் பெண்ணிடம் ‘பழுதுநாடல்’ என்று எழுதிக் காட்டினேன். நிதானமாகப் படித்தார். “பழுதை நாம் நாடிப் போக வேண்டுமா அண்ணா? அதுதான் தானாகவே வருகிறதே” என்றார். ‘கோளறல்’ என்பதைக் ‘கோளாறு’ என்று திருத்திப் படித்தார்.

அதனால் மேலே பெரிய எழுத்தில் ‘கோளாறு வந்தால் முதலில் இவற்றைப் பாருங்கள்’ என்று போடுகிறேன். கீழ் ஓரத்தில், சிறிய எழுத்தில், ‘பழுதுநாடல் – தாள் 1’. புலவர் ஐயா கோபிக்கக் கூடாது. அடுத்த குறளில் வள்ளுவரே உற்றான் அளவும் பிணியளவும் காலமும் பார்க்கச் சொல்கிறார். உற்றவர் கல்லாவில் இருக்கிறார். காலமோ மதியம் ஒன்றேகால்.

உள்ளே உள்ளவற்றையும் சுருக்கிவிட்டேன். காகிதச் சுருளை நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழும் பக்கத்தில்தான் அச்சு விழும். வெள்ளைத் தாளாகவே வந்தால் சுருள் புரண்டிருக்கிறது. பணப்பெட்டி திறக்காவிட்டால் பெட்டியை அடிக்காதீர்கள். அதன் கம்பி பெரும்பாலும் பிரிண்டரின் முதுகில் செருகியிருக்கும், திறக்கச் சொல்வது பிரிண்டர்தான். எல்லாப் பிளக்கையும் ஒரே நேரத்தில் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் எது சரியானது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 33, 34 பற்றிப் புதுச்சேரிக் கடைகளுக்கான படியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதில் குசினி, கடலூர்ப் படியில் சமையலறை.

‘விற்பனை முனையம்’ அப்படியே இருக்கட்டும். எனக்குக் களைத்துவிட்டது.

திருப்பாதிரிப்புலியூர் – வெள்ளி காலை

‘கோளாறு’ தலைப்பிலேயே ஏறிவிட்டது, மகிழ்ச்சி. இரண்டாம் பதிப்பில் அந்த நெடிலை மட்டும் குறிலாக்கிவிடுங்கள். என் மறுப்பைக் குழுவின் பதிவில் வைக்க வேண்டுகிறேன்.

லாஸ்பேட்டை – வெள்ளி நண்பகல்

தம்பி, ஓரமானாலும் அச்சில் ஏறியது, போதும். ஆனால் ‘முனையம்’ பற்றி எவரும் வாய் திறக்கவில்லையே. சங்கச் செய்யுளில் முனைவு என்றால் வெறுப்பு. முனையோடு ‘அம்’ சேர்ந்து முனையம் ஆனால், விற்பனை முனையம் என்பது விற்பதில் வெறுப்புற்றவர் இருக்கும் இடம் என்றல்லவா ஆகிறது? அச்சகத்தாரிடம் மாலை வரை பொறுக்கச் சொல்லும். மூன்று சான்றுகளோடு எழுதுகிறேன்.